சுழலும் வட்டம்: குறை வெளியிலா, வீட்டுக்குள்ளா?

ரமழான் இரவு. தொழுகை முடிந்து, பிள்ளைகளை உறங்க வைத்துவிட்டு, மக்கா ஹரம் ஷரீபின் தராவீஹ் தொழுகையை நேரடி ஒளிபரப்பில் பார்ப்போம் என்று டீவியின் முன்னே அமர்கிறோம். எமது நேரம் மக்காவின் நேரத்திலும் பார்க்க இரண்டரை மணித்தியாலம் முந்தியது. ஆகவே அங்கே இஷா முடிந்து தராவீஹ் ஆரம்பமாகும்போது இங்கே நடுநிசி நெருங்கிவிடும். இமாம் ஓதிக்கொண்டிருக்கிறார். உள்ளம் உருகுகிறது. திடீரென்று படம் உறைந்து, திரையின் நடுவே அந்த வெள்ளை வட்டம் சுழலத் தொடங்குகிறது.

ஹரம் ஷரீபின் தொழுகைக்கு மட்டுமல்ல, உயர்தரம் படிக்கும் மகளின் இணைய வகுப்புக்கும், கட்டாரிலோ சவூதியிலோ இருந்து பிள்ளைகளின் முகம் பார்க்கத் துடிக்கும் வாப்பாவின் அழைப்புக்கும் இதே வட்டம்தான் குறுக்கே வந்து நிற்கிறது. 2020ஆம் ஆண்டு கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்ட நாள் முதல் வீட்டு இணையம் என்பது எமது இல்லங்களில் தண்ணீர், மின்சாரம் போன்று ஒரு தேவையாகிவிட்டது. அது ஆடம்பரம் என்று சொல்லும் காலம் போய்விட்டது.

வட்டம் சுழன்றால் நாம் செய்வது என்ன? “இந்த பெக்கேஜ் போதாது, பெரியதைப் போடுவோம்” என்கிறோம். மாதாந்தக் கட்டணம் உயர்கிறது. சில நாட்கள் நன்றாக இருப்பது போன்று தோன்றுகிறது. பின்னர் பழைய கதைதான். வியர்வை சிந்தி அனுப்பப்படும் பணம் இவ்வாறு மாதாமாதம் கரைவதற்கு முன்னர், எமது இல்லத்தரசிகள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குறை வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கிறதா, அல்லது எமது நான்கு சுவர்களுக்குள்ளே இருக்கிறதா?

அக்குறணையில் எமது உறவினர் வீடொன்று. கணவர் வெளிநாட்டில். இரண்டு தடவை பெக்கேஜை உயர்த்தியும் டீவி நின்று நின்றுதான் ஓடியது. போய்ப் பார்த்தபோது ரவுட்டர் படுக்கையறையில், இரண்டு கதவு இரும்பு அலுமாரிக்குள்ளே, உடுப்புகளுக்கு நடுவில் இருந்தது.

“இதை ஏன் மகள் அலுமாரிக்குள்ள வெச்சிருக்கிறீங்க?”

“சின்னவன் வயரைப் பிடிச்சு இழுக்கிறான் சாச்சி. வெளிய வெச்சா பார்க்கவும் வடிவில்லையே.”

அதனை எடுத்து விறாந்தையில் புத்தக அலுமாரியின் உச்சியில் வைத்தோம். அன்றிரவே டீவி நிற்காமல் ஓடியது. அடுத்த மாதம் அவர் பழைய சிறிய பெக்கேஜுக்கே திரும்பிவிட்டார். எல்லா வீட்டிலும் இவ்வளவு இலகுவில் முடிந்துவிடாதுதான். ஆனால் வீட்டிலே எந்தச் சுவர் எங்கே, எந்த பிளக் வேலை செய்யும், யார் எந்நேரம் எதைப் பார்ப்பார் என்பதையெல்லாம் அறிந்தவர் இல்லத்தரசிதான். “இதெல்லாம் பெண்களுக்கு விளங்காது, ஒரு பொடியனைக் கூப்பிடுங்கள்” என்று ஒதுக்கிவிடும் பேச்சை நாம் ஏற்க வேண்டியதில்லை.

வீடியோ எப்படி வந்து சேர்கிறது?

வீதியில் செல்லும் பெரிய தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். அதுதான் நாம் பணம் கட்டும் பெக்கேஜ். வீட்டுக்குள்ளே சமையலறைக்கு வரும் சிறு குழாய்தான் வைஃபை. வீதிக் குழாய் எவ்வளவு பெரிதாயினும் வீட்டுக் குழாய் அடைபட்டிருந்தால் சமையலறையில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

டீவி, தான் காட்டும் படத்தை அந்தந்த நொடியில் பெறுவதில்லை. சில செக்கன்கள் கொண்ட சிறு சிறு துண்டுகளாக முன்கூட்டியே வாங்கி ஒரு வாளியில் சேர்ப்பது போன்று சேர்த்து வைத்துக்கொள்கிறது. வாளியில் இருப்பதை எடுத்து எமக்குக் காட்டுகிறது. குழாயில் வருவது குறைந்து வாளி காலியானால் வட்டம் சுழலும். வாளி காலியாகும் முன்னரே, அடுத்த துண்டைத் தரம் குறைத்துக் கேட்கும் அறிவும் அதற்கு உண்டு. நடுவிலே படம் மங்கலாகிப் பின்னர் தெளிவடைவது அதனால்தான்.

நேரடி ஒளிபரப்பில் மட்டும் இந்த வாளி மிகச் சிறியது. இன்னும் நடக்காத ஒன்றை முன்கூட்டியே சேர்த்து வைக்க முடியாதல்லவா? ஆகவே பதிவு செய்யப்பட்ட பயான் தடையின்றி ஓடும் அதே வீட்டில் ஹரம் ஷரீபின் நேரடி ஒளிபரப்பு தடைப்பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். சிறு தடங்கலைக்கூட அது தாங்காது.

எவ்வளவு வேகம் தேவை? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 1080பி எனப்படும் முழு எச்.டி. படத்துக்குச் செக்கனுக்கு 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் போதும் என்கிறது. யூடியூப் 4கே படத்துக்கு 20 மெகாபிட் கேட்கிறது. இணைய வகுப்புக்கும் வீடியோ அழைப்புக்கும் போவதற்கும் வருவதற்கும் ஒன்று முதல் மூன்று, நான்கு மெகாபிட் தாராளம். ஒரே நேரத்தில் டீவியில் 4கே படம், இரண்டு கைத்தொலைபேசிகளில் எச்.டி. வீடியோ, மகளுக்கு ஒரு வகுப்பு என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 35 மெகாபிட்டைத் தாண்டாது. ஆகவே 50 மெகாபிட் இணைப்பு உள்ள வீட்டில் வட்டம் சுழன்றால், 100க்கு மாறுவதில் பயன் இருக்குமா என்று சற்றுச் சிந்திக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மெகாபிட் வேறு, மெகாபைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், மாதாந்த அளவைக் கிகாபைட்டில் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தினால் கடையில் ஏமாந்தவர்கள் பலர்.

மூன்று இடத்தில் அளந்து பாருங்கள்

வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்த பின்னர்தான் மருந்து எழுதுகிறார். இதற்கும் அப்படித்தான். வேகத்தை அளக்கும் இலவசச் செயலிகள் உள்ளன. நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ‘ஃபாஸ்ட் டொட் கொம்’, ஊக்லா நிறுவனத்தின் ‘ஸ்பீட்டெஸ்ட்’ ஆகியன பலரும் அறிந்தவை. ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மடிக்கணினி இருந்தால் அதனை நெட்வேர்க் வயர் மூலம் நேரடியாக ரவுட்டரில் செருகி அளக்க வேண்டும். இதில் கிடைப்பதுதான் வெளியிலிருந்து உண்மையில் வீட்டுக்குள் வரும் வேகம். இரண்டாவது, வயரைக் கழற்றிவிட்டு ரவுட்டரிலிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் நின்று வைஃபையில் அளக்க வேண்டும். மூன்றாவது, டீவி இருக்கும் இடத்தில், அல்லது மகள் வகுப்புக்காக அமரும் கதிரையில் அமர்ந்து அளக்க வேண்டும். அந்நேரத்தில் வீட்டில் மற்றவர்கள் இணையத்தைப் பாவிக்காமல் இருந்தால்தான் கணக்குச் சரிவரும். மடிக்கணினி இல்லாத வீடுகளில் முதலாவதை விட்டு மற்ற இரண்டையும் செய்தாலே பாதி விடயம் விளங்கிவிடும்.

வயரில் நல்ல வேகமும் டீவிக்குப் பக்கத்தில் மோசமான வேகமும் காட்டினால் குறை வீட்டுக்குள்ளேதான். எவ்வளவு பெரிய பெக்கேஜ் போட்டாலும் தீராது. வயரிலேயே குறைவென்றால் குறை வெளியில். அப்போதும் ஒரு நாள் அளவையை மட்டும் நம்பிவிடக் கூடாது. காலை பத்து மணி, இரவு எட்டு மணி, இரவு பதினொரு மணி என்று மூன்று நாட்கள் அளந்து எழுதி வையுங்கள். ஊரே வீடு திரும்பி வீடியோ பார்க்கும் இரவு எட்டு மணிக்கு மட்டும் வேகம் விழுமானால், அது வெளியே உள்ள நெரிசல். குறிப்பாக 4ஜீ இணைப்புகளில் ஒரே டவரை முழு ஊரும் பங்கிட்டுக்கொள்வதால் இது அதிகம். “மெதுவாக இருக்கிறது” என்று தொலைபேசியில் முறையிடுவதற்கும், திகதியும் நேரமும் வேகமும் எழுதிய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முறையிடுவதற்கும் வித்தியாசம் உண்டு. நிறுவனம் செவிசாய்க்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதும்போதும் அந்தக் கொப்பி கைகொடுக்கும்.

மாதாந்த அளவு முடிந்துவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல பெக்கேஜ்களில் அளவு முடிந்த பின்னர் இணைப்பு அறுந்துவிடாது, வேகம்தான் படுத்துவிடும். மாதக் கடைசியில் மட்டும் வட்டம் சுழலும் வீடுகளின் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும்?

இணைப்புப் பொருத்த வந்தவர் எங்கே வயரைக் கொண்டுவருவது இலகுவோ அங்கேதான் ரவுட்டரை வைத்துவிட்டுப் போயிருப்பார். அது வாசலுக்குப் பக்கத்து மூலையாக இருக்கும். பாதி அலை முற்றத்துக்கும் வீதிக்கும் போகிறது.

ரவுட்டரின் அன்ரனாவை நேராக நிமிர்த்தி வைத்தால் அலை அதனைச் சுற்றிப் பக்கவாட்டில் பரவும். உச்சியிலும் அடியிலும் மிகக் குறைவு. உளுந்து வடையின் ஓட்டையில் ஒரு குச்சியை நிறுத்தினால் எப்படியிருக்குமோ அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். வடை இருக்கும் பக்கமெல்லாம் அலை, குச்சியின் நுனி நோக்கும் திசையில் வெறுமை. ஆகவே ஒரே மாடி வீட்டில் அன்ரனாக்கள் நிமிர்ந்து நிற்கட்டும். மேல்மாடிக்கும் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும் படுக்க வைத்துப் பார்க்கலாம்.

வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, திறந்த இடத்தில் வைப்பது நல்லது. தரையில் வேண்டாம். செங்கல் சுவரும் சீமெந்துக் கல் சுவரும் அலையின் பலத்தைக் குறைக்கும். கம்பி கட்டிய கொங்கிரீட் தளமும் தூணும் அதைவிட அதிகமாகக் குறைக்கும். இரும்பு அலுமாரி, பிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தாங்கி, மீன் தொட்டி ஆகியன அலையை மறிக்கும், அல்லது திருப்பிவிடும். டீவியின் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைப்பதும் நன்றன்று. டீவியின் பின்புறத்திலும் உலோகம் இருக்கிறது. சரிகைத் துணியால் மூடி அழகுபார்க்கும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. துணி அலையை மறிக்காது, ஆனால் சூட்டை அடைக்கும். சூடேறிய ரவுட்டர் மெல்ல மெல்லச் சோர்ந்து, ஒரு நாள் தானாக அணைந்து எழும்பும்.

சுவர்களில் மோதித் திரும்பும் அலைகள் எதிரொலி போன்று முன்னும் பின்னுமாக வந்து குழப்புவது ஆரம்பத்தில் பெரும் தலையிடியாக இருந்தது. அவுஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தில் ஜோன் ஓசலிவனும் அவரது சகாக்களும் விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராய்ந்த அனுபவத்தைக் கொண்டு இதற்கு வழி கண்டார்கள். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1996இல் கிடைத்தது. நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் அறிவு இன்று எமது விறாந்தையில் வேலை செய்கிறது என்பதும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்றுதான்.

4ஜீ ரவுட்டர் வைத்திருக்கும் சகோதரிகளுக்கு மட்டும் ஒரு சிக்கல். அது டவரிலிருந்து அலையை வாங்க வேண்டும், வீட்டுக்குள்ளே கொடுக்கவும் வேண்டும். வாங்குவதற்கு ஜன்னலோரம் நல்லது, கொடுப்பதற்கு நடுவீடு நல்லது. இதிலே வாங்குவதற்கே முதலிடம் கொடுங்கள். உள்ளே வராத தண்ணீரை எப்படிப் பங்கிடுவது? ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஓர் எண் இருக்கும். அது கழித்தல் அடையாளத்துடன் வரும். கழித்தல் 90 அல்லது 80 என்று சைபரை நோக்கி வந்தால் நல்லது. கழித்தல் 110ஐத் தாண்டினால் பலவீனம். ஒவ்வொரு ஜன்னலாக மாற்றி மாற்றி வைத்து இந்த எண்ணைப் பாருங்கள். மலைப்பாங்கான அக்குறணை, மாவனல்லை போன்ற ஊர்களில் ஒரு ஜன்னலுக்கும் மறு ஜன்னலுக்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசம் தெரியும்.

ஒரே ஸஹனில் எத்தனை பேர்?

இன்றைய ரவுட்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்யும். 2.4 தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசலும் அதிகம். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும், புளூடூத் வேலை செய்வதும் இதே 2.4இல்தான். சமையலறையில் சோற்றைச் சூடாக்கும்போது விறாந்தையில் வீடியோ நிற்பது தற்செயல் அல்ல. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, நெரிசல் குறைந்தது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும்.

வைஃபையில் ஒரு வரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை தமது முறை வரும்வரை காத்திருக்கும். கல்யாண வீட்டு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்தாலும், ஒரு நேரத்தில் ஒரு கைதான் சோற்றில் பட வேண்டும் என்று ஒரு விதி இருந்தால் எப்படியிருக்கும்? அதுதான் இங்கே நிலைமை. இதிலே தூரத்து அறையில் பலவீனமான அலையில் இருக்கும் ஒரு பழைய கைத்தொலைபேசி, மெதுவாக மெதுவாகப் பேசி மற்றவர்களின் நேரத்தையும் எடுத்துக்கொள்ளும்.

காத்தான்குடி போன்று வீடுகள் தோளோடு தோள் நெருங்கிய ஊர்களிலும், மாளிகாவத்தை, தெமட்டகொடை தொடர்மாடிகளிலும் இன்னொரு விடயம் உண்டு. அயல்வீட்டு ரவுட்டரும் எமது ரவுட்டரும் ஒரே வரிசையில் இருந்தால் இரு வீட்டாரும் ஒரே ஸஹனில் அமர்ந்தவர்கள் போலத்தான். 2.4இல் ஒன்றோடொன்று முட்டாத வரிசைகள் மூன்றே மூன்று. அவை 1, 6, 11. அயலவர்கள் எதில் இருக்கிறார்கள் என்று காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. அதனைப் பார்த்து ஆள் குறைந்த வரிசைக்கு மாறலாம். 3, 4 போன்ற இடைப்பட்ட எண்களுக்குப் போவது இரு பக்கத்தாரையும் இடித்துக்கொண்டு அமர்வது போன்றது. எமக்கும் நன்மையில்லை, அயலவருக்கும் தொல்லை. 

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் முகவரியும் கடவுச்சொல்லும் இருக்கும். கைத்தொலைபேசியில் அந்த முகவரியை அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். அங்கே இரண்டு அலைவரிசைகளுக்கும் இரண்டு பெயர் வைத்துவிட்டு, டீவியையும் வகுப்புக்குப் பாவிக்கும் கருவியையும் 5இல் சேர்த்துவிடுங்கள். தூரத்து அறைகளில் உள்ளவையும், பழைய கைத்தொலைபேசிகளும் 2.4இல் இருக்கட்டும். இதற்கு ஒரு சதம்கூடச் செலவில்லை.

ஒரு வயர் செய்யும் வேலை

வைஃபை என்று இவ்வளவு பேசிய பின்னர் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். டீவிக்கு மிகச் சிறந்தது வைஃபை அல்ல, வயர்தான். டீவி ஓர் இடத்தில் இருக்கும் பொருள். அதற்கு ஏன் காற்றில் அனுப்ப வேண்டும்? கேட்-5ஈ அல்லது கேட்-6 வகை நெட்வேர்க் வயர் 100 மீற்றர் வரை செக்கனுக்கு ஆயிரம் மெகாபிட்டைக் கொண்டுபோகும். பல டீவிகளின் பின்னால் உள்ள துளை 100 மெகாபிட் மட்டுமே எடுக்கும் என்றாலும் 4கே படத்துக்கு அது ஐந்து மடங்கு. டீவியை வயருக்கு மாற்றியவுடன் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. ஸஹனைச் சுற்றியிருந்தவர்களில் மிகப் பெரிய பசிக்காரர் எழும்பிப் போய்விட்டார். மற்றவர்களுக்கு இடம் தாராளம்.

வயரைப் பிளாஸ்டிக் கேசிங்குக்குள்ளே சுவரோரமாகக் கொண்டுபோகலாம். மின்சார வயர் போகும் அதே குழாய்க்குள் மட்டும் போட வேண்டாம். அது பாதுகாப்பும் இல்லை. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்னர் விறாந்தைக்கும் மேல்மாடிக்கும் ஒவ்வொரு வெற்றுக் குழாய் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்னர் சுவரை உடைப்பதைவிட அது எவ்வளவோ மலிவு.

கடைகளில் ‘வைஃபை பூஸ்டர்’ என்று விற்பார்கள். பிளக்கில் செருகும் சிறு பெட்டி. அவற்றில் பல, ஒரே அலையில் வாங்கி அதே அலையில் மறுபடி கொடுப்பதனால் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கைத்தொலைபேசியில் கோடுகள் நிறையக் காட்டும், வீடியோ ஓடாது. அலை வராத அறையிலேயே அதனைச் செருகுவது அடுத்த தவறு. வராத அலையை அது எங்கிருந்து வாங்கும்? மேல்மாடிக்கு உண்மையிலேயே தேவையென்றால், ஒரு வயரை மேலே கொண்டுபோய் அங்கே இரண்டாவது ரவுட்டரை ‘அக்செஸ் பொயின்ற்’ முறையில் வைப்பதே நிலையான தீர்வு. ‘மெஷ்’ எனப்படும் கூட்டுக் கருவிகளும் நல்லவைதான், ஆனால் விலை அதிகம். அவையும் வயரால் இணைக்கப்பட்டால்தான் முழுப்பலன் தரும்.

4கே வேண்டுமா?

4கே படத்தில் ஏறக்குறைய 83 இலட்சம் புள்ளிகள். 1080பி படத்தில் ஏறக்குறைய 21 இலட்சம். நான்கு மடங்கு வித்தியாசம் என்றதும் ஆசை வருகிறது. ஆனால் கண்ணின் கூர்மைக்கு ஓர் எல்லையை அல்லாஹ் வைத்திருக்கிறான். 43 அங்குல டீவியை ஐந்தரை அடிக்கு அப்பாலிருந்து பார்த்தால் சாதாரணக் கண்ணுக்கு 1080பி படத்தின் புள்ளிகளே தனித்தனியாகத் தெரியமாட்டா. எமது விறாந்தைகளில் செற்றி பத்தடி தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 4கேயில் பார்ப்பதால் கூடுதலாகக் கிடைப்பது ஏதுமில்லை. கைத்தொலைபேசியின் உள்ளங்கைத் திரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கிடைக்காத பலனுக்குக் கொடுக்கும் விலை என்ன? நெட்ஃபிளிக்ஸின் கணக்குப்படி 4கே ஒரு மணித்தியாலத்துக்கு 7 கிகாபைட் வரை, எச்.டி. 3 கிகாபைட் வரை எடுக்கும். 100 கிகாபைட் பெக்கேஜ் 4கேயில் 14 மணித்தியாலத்தில் முடியும். எச்.டி.யில் 33 மணித்தியாலம் வரும். யூடியூபில் தரத்தைத் தெரிவுசெய்யும் இடத்தில் டீவிக்கு 1080பி, கைத்தொலைபேசிக்கு 480பி அல்லது 720பி என்று நீங்களே தெரிவுசெய்துவிடலாம். வீண்விரயம் என்பது தண்ணீரிலும் சோற்றிலும் மட்டும்தானா?

வீட்டுக்குள்ளே ஒரு நீதி

இனி வருவது இயந்திரத்தின் விடயமல்ல. மகளுக்கு மாலை ஏழு மணிக்கு இரசாயனவியல் வகுப்பு. அதே நேரம் மூத்தவர் கொம்பியூட்டரில் விளையாட்டுக்கான பெரிய கோப்பொன்றை இறக்குகிறார். மாமியின் கைத்தொலைபேசி, வலீமாவில் எடுத்த முந்நூறு படங்களைத் தானாகவே இணையத்தில் சேமித்துக்கொண்டிருக்கிறது. மாமிக்கு அது தெரியாது. யாருக்கும் தெரியாது. வகுப்பில் ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. பழி கடைசியில் “உன் போன் பழசு” என்று மகள் மீது விழுகிறது.

இணைப்பில் வரும் பாதை அகலம், போகும் பாதை ஒடுக்கம். படங்களைச் சேமிப்பது போகும் பாதையை அடைத்துவிடும். பாதை அடைபட்டால், “அந்தத் துண்டு கிடைத்தது, அடுத்ததை அனுப்பு” என்று எமது கருவி சொல்லும் செய்தியும் வரிசையில் காத்திருக்கும். ஆகவே வருவதும் தாமதமாகிறது. படச் சேமிப்பையும் செயலிகளின் புதுப்பித்தலையும் எல்லோரும் உறங்கிய பின்னர் நடக்கும்படி வைத்துவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். சில பெக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பின்னர் தனியான டேட்டா அளவும் உண்டு. பல ரவுட்டர்களில் கியூ.ஓ.எஸ். என்ற பகுதியில் இந்தக் கருவிக்கு முதலிடம் என்று குறித்துவிடவும் முடியும். அந்த முதலிடம் ஆண்பிள்ளையின் விளையாட்டுக்கா, பெண்பிள்ளையின் பாடத்துக்கா என்பதை ரவுட்டர் தீர்மானிக்காது.

கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். இணைப்பு வந்த நாள் முதல் மாற்றாத வீடுகளில் யார் யாரெல்லாம் இணைந்திருக்கிறார்கள் என்பது அமைப்புப் பக்கத்தைத் திறந்தால்தான் தெரியும். அயல்வீட்டுப் பிள்ளையின் படிப்புக்காக மனமுவந்து கொடுப்பது நல்ல காரியம். தெரியாமல் போவது வேறு. அதே பக்கத்தில் டீ.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.3 என்றும், இரண்டாவதாக 1.0.0.3 என்றும் எழுதினால், கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 முதல் இலவசமாக வழங்கும் குடும்ப வடிகட்டி வேலை செய்யத் தொடங்கும். ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை வீட்டில் எந்தக் கருவியிலும் திறக்காது. அது தாயின் கண்ணுக்கு ஈடாகாது, ஆனாலும் ஒரு கதவு.

மின்சாரம் நின்றால்

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று செய்த வேலையால் நாடே இருளில் மூழ்கியது. இவ்வாறான நேரங்களில் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கிறது. வீட்டிலுள்ள பெட்டிதான் அணைந்துவிடுகிறது. ரவுட்டருக்கென்றே சிறிய யூ.பி.எஸ். பெட்டிகள் கடைகளில் உள்ளன. வாங்கும் முன்னர் ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலவற்றில் 9. யூ.பி.எஸ்.ஸிலும் அதே வோல்ட் இருக்க வேண்டும். அம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. டீவி ஓடாது, ஆனால் கைத்தொலைபேசியில் வாப்பாவின் அழைப்பு வரும், மகளின் வகுப்பும் நடக்கும். 4ஜீ பாவிப்பவர்களுக்கு டவரிலுள்ள மின்கலம் தீரும்வரைதான் இந்த வசதி.

மார்ச், ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது, யூ.பி.எஸ். இருக்கிறதே என்று எண்ணிவிடாமல் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பழைய செப்பு வயர் இணைப்பென்றால் தொலைபேசி வயரையும் சேர்த்துக் கழற்ற வேண்டும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அந்தப் பெட்டியின் அடப்டரும் சுவர் மின்சாரத்தில்தானே செருகப்பட்டிருக்கிறது.